நாலு பள்ளிக்கூடத்துக்கு ஒரே அலுமாரி

"இதுல குத்தவாளி யாருன்னு சொல்லு பாப்போம்" என்று வினோதா ஃபோனை நீட்டினாள்.

பாஹிம் வாயிலிருந்த பணிஸை அவசரமாக விழுங்கிவிட்டுப் படத்தைப் பார்த்தான். கண்ணாடிக் கதவு போட்ட பச்சை இரும்பு அலுமாரி ஒன்று. அதன் முன்னால் வெள்ளைச் சீருடையில் ஒரு கூட்டம் பிள்ளைகள், ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி, மூச்சு விட்டால் அடி விழும் என்று யாரோ சொல்லி வைத்ததுபோல் விறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ரெண்டாவது வரிசையில மூக்கு நோண்டுற பயல். மொகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு."

"அடுத்ததப் பாரு."

அடுத்த படத்தில் வேறு பிள்ளைகள், வேறு சுவர். ஆனால் அதே அலுமாரி. மூன்றாவதிலும் அதே. நாலாவதிலும் அதே. இடது கதவின் கீழே யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு நெளிவு, அதுவும் நாலிலும் இருந்தது.

"அப்ப அலுமாரிதான் குத்தவாளி. கேஸ் முடிஞ்சிருச்சு. தேத்தண்ணி சொல்லவா வினோதாக்கா?"

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பாஹிமின் வாப்பா நடத்தும் புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது வினோதாவின் துப்பறியும் அலுவலகம். அவள் முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடிக்கும் வேலையில் இருந்தவள். ஒரே பசுமாடு மூன்று தடவை செத்துப்போனதைக் கண்டுபிடித்தாள். மாடு மேலதிகாரியின் மைத்துனருடையது என்பதையும் சேர்த்துக் கண்டுபிடித்ததில் வேலை போயிற்று. பாஹிம் அவளுடைய உதவியாளன். முச்சக்கர வண்டி ஓட்டுவது அவன் கடமை, வாயை ஓட்டுவது அவன் சுபாவம்.

எதிரே உட்கார்ந்திருந்த கிருஷாந்தி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய கைக்குட்டை ஈரமாக இருந்ததைப் பார்த்து பாஹிமும் அடங்கினான்.

றொசல்லப் பக்கம் கல்லுமலைத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவள் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் சம்பளம் இல்லை என்பதற்கு மரியாதையான சொல். மூன்று மாதத்துக்கு முன்புதான் நானுஓயாவிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறாள். கொழும்பில் ஒரு அறக்கட்டளை, தோட்டப் பாடசாலைகளுக்கு நூலக மானியம் தருவதாக அறிவித்தது. வாசிப்பு அறை, புத்தகங்கள், நூலக ஆசிரியைக்குச் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். ஏற்கெனவே சின்னதாகவாவது நூலகம் நடத்துகிற இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

"இருக்கிறவனுக்குத்தான் குடுப்பாங்க. இல்லாதவன் எங்க போறதுன்னு அவங்கதான் சொல்லணும்" என்றான் பாஹிம்.

"எங்ககிட்ட இருந்திச்சுங்க," என்றாள் கிருஷாந்தி. "ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்து அதிபர் இந்த அலுமாரியக் காட்டி, இதுதான் நம்ம நூலகம், படம் எடுத்து அனுப்புங்க டீச்சர்னு சொன்னாரு. நானே புள்ளைங்கள நிக்க வச்சு எடுத்தேன். இப்ப அறக்கட்டளையில இருந்து நிலக்ஷி மிஸ் சொல்றாங்க, நாலு பாடசாலையில இருந்து இதே அலுமாரி வந்திருக்காம். ஒரு படத்த எடுத்து கம்ப்யூட்டர்ல புள்ளைங்கள மாத்தி மாத்தி ஒட்டி ஏமாத்தியிருக்கோமாம். இன்னைக்குப் பின்னேரம் நேர்ல வாறாங்க. சரியான பதில் சொல்லலேன்னா நாலு பாடசாலையும் இனி எப்பவுமே கேக்க முடியாதாம்."

"அப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று வினோதா கேட்டாள்.

"எனக்குக் கொழும்புல ஒரு கடையில வேலை பாத்து வச்சிருக்காங்க அம்மா. இது கெடைக்கலேன்னா ஞாயித்துக்கெழம டிரெயின் ஏறணும்." கைக்குட்டையை மறுபடி மடித்தாள். "எனக்குப் போக விருப்பம் இல்லீங்க."

"அலுமாரி இப்ப எங்க?" என்றாள் வினோதா.

"திங்கக்கிழமை வந்து பாத்தா இல்ல. ரிப்பேருக்குப் போயிருக்குன்னு அதிபர் சொன்னாரு. இன்னைக்கு அதிபரையும் காணோம். ஒரு சாவுன்னு லீவு போட்டிருக்காராம். ஃபோன் வேலை செய்யல."

"அலுமாரி ரிப்பேருக்கு, அதிபர் சாவுக்கு. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு ஓடிட்டாங்க போல" என்றான் பாஹிம்.

வினோதா அவனை ஒரு தினுசாகப் பார்த்தாள். அவன் உளறலில் ஏதோ ஒன்று அவளுக்குப் பிடித்துப்போனால் அப்படித்தான் பார்ப்பாள். எது பிடித்தது என்று மட்டும் சொல்லமாட்டாள். பாஹிமுக்கு அதில் நியாயமான கோபம் உண்டு.

கம்ப்யூட்டரில் ஒட்டு வேலை என்றால் ஹட்டனில் ஒரே ஆள்தான். நஸார் ஸ்டூடியோ முதலாளி நஸார் நானா, கடவுச்சீட்டு எடுக்காத புதுமணத் தம்பதிகளையெல்லாம் சுவிட்சர்லாந்துப் பனியில் நிறுத்தி வைத்தவர். படங்களைக் காட்டியதும் அவர் முகம் சிவந்தது.

"இத நான் செஞ்சதுன்னா செல்றீங்க?"

"சந்தேகம்தான் நானா" என்றான் பாஹிம்.

"என்ட வேலையில ஒருத்தன் சந்தேகப்பட்டான்னா, அது என்ட வேலையே இல்ல!" அவர் நாலு படங்களையும் பெரிய திரையில் போட்டார். "கண்ணாடிக் கதவப் பாருங்க. இதுல ஜன்னல் வெளிச்சம் எடப்பக்கம் விழுது. இதுல வலப்பக்கம். இந்தா, இதுல படம் எடுக்கிற டீச்சர்ட உருவமே தெரியுது. ஒட்டினா இப்படி வராது. நாலும் அசல் படம். அலுமாரிதான் எழும்பிப் போய் நாலு எடத்துல நின்டு ஈக்குது."

கிருஷாந்தி கண்ணாடிக்குள் மங்கலாகத் தெரிந்த தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய்யில்லை என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல். ஆனால் அலுமாரிக்குக் கால் முளைத்தது எப்படி என்று அறக்கட்டளை கேட்டால்?

"காலக் காட்டுங்க நானா" என்றாள் வினோதா.

"யார்ட கால?"

"அலுமாரிட."

நஸார் பெரிதாக்கினார். நாலு கால்களிலும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வளையல் போட்ட மாதிரி நீலப் பெயின்ட். வினோதா தலையை ஆட்டிவிட்டு மேலே போகச் சொன்னாள். புத்தகங்கள் தெரிந்தன. அட்டைகளில் கத்தி, மண்டையோடு, இருட்டு பங்களா, பாதி திறந்த கதவு. பின்னால் சதுரமாக ஒரு பலகை நீட்டிக்கொண்டிருந்தது.

"கெரம் போர்ட்," என்றான் பாஹிம். "மூலையில ஓட்டை தெரியுது."

"சரி. இது என்ன நூலகம்?"

"பாடசாலை நூலகம்."

"பாடசாலை நூலகத்துல ஒரு பாட்டுப் புத்தகம் இல்ல, அகராதி இல்ல, நீதிக்கதை இல்ல. எல்லாம் படிக்க எடுத்தா கண்ண மூட விடாத கதை. கூடவே கெரம் போர்ட். இதெல்லாம் யாருக்கு வேணும்?"

பாஹிம் யோசித்தான். "என் மாமாவுக்கு. மாமி தூங்குற வரைக்கும் வீட்டுக்குள்ள போகமாட்டாரு."

வினோதா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "வண்டிய எடு. போற வழியில ஒரு விஷயம் விசாரிக்கணும். கல்லுமலைப் பக்கம் யாரு செத்தது?"

நஸார் நானா நாற்காலியை எட்டிப் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ்! படத்தப் பாத்தே மவுத்து செல்றாளே இந்தப் புள்ள!"

பின்சீட்டில் வினோதாவும் கிருஷாந்தியும் இருக்க, வண்டி றொசல்லப் பாதையில் இறங்கியது. பனி விலகாத மலைகளில் கொழுந்து எடுக்கிற பெண்களின் தலைகள் அங்கங்கே தெரிந்தன. அரைவாசிப் பேர் இல்லை. ஒரு தோட்டத்தில் மலையில் ஆள் குறைந்தால் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். திருப்பத்தில் முதல் வெள்ளைக்கொடி தெரிந்தது. பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. சாவு வீட்டுக்கு வழி காட்டுகிற கொடிகள்.

"வினோதாக்கா, மெய்யாச் சொல்லுங்க. இது கொலைக் கேஸா?"

"ஒரு மாதிரி."

"ஒரு மாதிரின்னா? செத்தவரு ஒரு மாதிரி செத்தாரா, இல்ல கொன்னவன் ஒரு மாதிரி கொன்னானா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

கொடிகள் கல்லுமலைத் தோட்டத்து மேல் லயத்தில் முடிந்தன. வாசலை மறைத்துத் தறப்பாள் கட்டி, வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். பாஹிம் ஓடோடிப் போய் ஒன்றில் உட்கார்ந்தான். சாவு வீட்டில் நின்றுகொண்டிருப்பவனைத்தான் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்பது அவன் அனுபவம். உட்கார்ந்தபின் குனிந்து பார்த்தான். நாற்காலியின் நாலு கால்களிலும் நீல வளையம். பக்கத்து நாற்காலியிலும். தறப்பாள் கம்பத்திலும். தேத்தண்ணிக் கிடாரத்தின் பிடியிலும்கூட.

"வினோதாக்கா!"

"மெதுவா. சாவு வீடு."

"அப்ப அந்த அலுமாரி…"

வினோதா விரலை நீட்டினாள். தறப்பாளுக்குக் கீழே, லயத்துச் சுவரை ஒட்டி, பச்சை அலுமாரி கதவைத் திறந்துகொண்டு நின்றது. பாதித் தட்டு காலி. மீதிப் புத்தகம் எல்லாம் வந்திருந்தவர்கள் கையில் இருந்தது. வழக்கமாகச் சீட்டு விளையாடுகிற பெரியவர்கள் ஒரு மூலையில் நாவலைப் பங்கு வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"மரண உதவிச் சங்கம்," என்றாள் வினோதா. "தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கு. சாவு விழுந்தா நாற்காலி, தறப்பாள், கிடாரம் எல்லாம் அவங்கதான் குடுப்பாங்க. பொருள் மாறிப்போகாம இருக்க ஒரு நிறம் பூசி வைப்பாங்க. ராத்திரி முழுக்க ஆளுங்க முழிச்சிருக்கணும். அதுக்குத்தான் கெரம் போர்டும் கொலைக் கதையும். அதிபர் சாவுக்குன்னு லீவு போட்டாருன்னதும் எனக்குக் கொஞ்சம் வெளங்கிருச்சு. நீதான் மொதல்ல சொன்ன, ரெண்டு பேரும் சேந்து போயிருக்காங்கன்னு."

பாஹிம் நெஞ்சை நிமிர்த்தினான். தான் சொன்னதன் அர்த்தம் தனக்கே புரியாமல் போன முதல் துப்பறிவாளன் தானாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. பெருமைக்கு அது தடையாக இல்லை.

கிடாரத்திலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கிருஷாந்தியைக் கண்டதும் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே தரையில் ஊற்றினார். அதிபர் அழகுமுத்து.

"சார், ரிப்பேருன்னு சொன்னீங்களே!" என்றாள் அவள். அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் பதில் சொல்வதற்குள் சங்கத்துத் தலைவி வீரம்மா வந்து நின்றார். கொழுந்து மலையில் முப்பது பெண்களை அதட்டிப் பழகிய குரல், துக்கத்துக்காகப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தார். "அலுமாரி சங்கத்துச் சொத்துங்க. பென்ஷன் வாங்கிப் போன தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா குடுத்தது. சாவுக்குக் குடுப்போம், பள்ளிக்கூடத்துக்குக் குடுப்போம். நாலு பள்ளிக்கூடத்துலயும் வந்து கேட்டாங்க, குடுத்தோம். சும்மா வீட்டுக்குக் குடுக்கமாட்டோம். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. அப்பறம் எழவு அன்னைக்கு ஒண்ணும் இருக்காது."

"அப்ப ஒரு கதை பாதியில நின்டா?" என்றான் பாஹிம்.

"அடுத்த சாவுக்குத்தான் தம்பி."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 

அப்போது கிருஷாந்தியின் ஃபோன் அடித்தது. பாடசாலையிலிருந்து இன்னொரு டீச்சர். நிலக்ஷி மிஸ் வேனோடு வந்து காத்திருக்கிறாராம்.

"இங்க வரச் சொல்லுங்க. கொடியப் பாத்து வந்தாச் சரி" என்றாள் வினோதா.

"எழவு வீட்டுக்கா?" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"நூலகத்தப் பாக்கத்தானே வாறாங்க? நூலகம் இங்கதானே இருக்கு."

நிலக்ஷி சேற்றில் செருப்புப் பதிய ஏறி வந்தார். வினோதா ஒன்றையும் மறைக்கவில்லை. படம் நாலும் உண்மை, அலுமாரி ஒன்று, அது சங்கத்துடையது, நாலு அதிபர்களும் இரவல் வாங்கித் தங்களுடையது என்று சொன்னார்கள். டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வழக்கம் வினோதாவுக்கு எந்தக் காலத்திலும் இல்லை. ஆனால் இந்த ஒரு நாள் இருந்திருக்கலாமே என்று பாஹிம் நினைத்தான். கிருஷாந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அழகுமுத்து கையைப் பிசைந்தார். "மிஸ், நாங்க ஏமாத்தணும்னு செய்யல. வீட்டுக்கு ஆள் வந்தா பக்கத்து வீட்டுக் காம்பராவுல நாற்காலி வாங்கிப் போடுவோம். வந்தவங்ககிட்ட இது எரவல் நாற்காலின்னா சொல்லுவோம்? அது மரியாதை இல்லையே. அப்படித்தான் நாலு பேருமே நெனச்சோம்."

நிலக்ஷியின் கோபம் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் முழுதாக இறங்கவில்லை. "உக்கார வந்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல சார். நாற்காலி வாங்கித் தர வந்தவங்களுக்குச் சொல்லணுமே. நாலு பாடசாலையிலயும் நூலகம் இல்ல. எனக்கு வேற வழியில்ல, நிராகரிக்கத்தான் வேணும்."

கிருஷாந்தி கைக்குட்டையைத் தேடினாள்.

"மிஸ்," என்றாள் வினோதா, "உங்க விதியில பாடசாலைக்கு மட்டும்தான்னு இருக்கா?"

"பாடசாலை, இல்லேன்னா நூலகம் நடத்துற பதிவு செஞ்ச பொது அமைப்பு."

"வீரம்மாக்கா, உங்க சங்கம் பதிவு செஞ்சதா?"

"பின்ன? பேங்குல கணக்கு, செயலாளர், பொருளாளர் எல்லாம் இருக்கு. ஆனா நாங்க எங்க நூலகம் நடத்துறோம்? சாவுதான் நடத்துறோம்."

"இது என்னதாம்?" என்று பாஹிம் கையை விரித்தான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நாவலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிப் பெரிய கூட்டம். தப்படிக்க வந்தவர்கள் தப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். வாசிப்பவள் தொண்டை கம்மிப்போய் இருமினாள். பெட்டிக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வேலாயி, செத்துப்போன பழனியாண்டியின் மனைவி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நிப்பாட்டாத புள்ள. போன சாவுல கதை பாதியில இருக்கையிலேயே பொணத்த எடுத்துட்டாங்க. இவரு அதே நெனப்பாவே இருந்தாரு, யாரு கொன்னான், யாரு கொன்னான்னு. பொதைக்கிறதுக்குள்ள படிச்சு முடி. இவருக்கும் கேக்கட்டும்."

"அக்கா, என்னால முடியல. தொண்ட கட்டிருச்சு."

வேலாயியின் கண் கூட்டத்தைத் துழாவி கிருஷாந்தியிடம் வந்து நின்றது. "நீங்க டீச்சர்தானே? நீங்க படிங்கம்மா."

கிருஷாந்தி போய் உட்கார்ந்து புத்தகத்தை வாங்கினாள். கைக்கு வராமல் போன வேலையும், ஞாயிற்றுக்கிழமை ரயிலும், கொழும்புக் கடையும் அவள் முகத்தில் இருந்தன. இரண்டு வரி படித்ததும் எல்லாம் போய்விட்டது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய குரல். இருட்டு பங்களாவின் கதவு கிறீச்சிட்டபோது தறப்பாளுக்குக் கீழே ஒருவரும் மூச்சு விடவில்லை.

நிலக்ஷி வீரம்மாவிடம் மெல்லக் கேட்டார். "சங்கம் விண்ணப்பிச்சா அலுமாரி நாலு பாடசாலைக்கும் முறை வச்சுப் போகுமா? சாவு இல்லாத நாள்லயும்?"

"நீங்க இன்னும் ரெண்டு அலுமாரி வாங்கித் தந்தா போகும். ஆனா கூடப் போற டீச்சர் இவங்களா இருக்கணும். எங்களுக்கு வேற ஆள் வேணாம்."

"முடிவு குழுவோடது. ஆனா எழுதப்போறது நான். எழுதுறதுல ஒரு பொய்யும் இருக்காது." நிலக்ஷி சிரித்தார். "மரண உதவிச் சங்கத்து நூலகம்னு எழுதினா மொதல்ல என்னத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க."

"சங்கத்துல வேலை செய்றவங்க உறுப்பினரா சேரணும்," என்றார் வீரம்மா. "டீச்சருக்கு ஒண்ணு நடந்தா செலவு நம்மளோடது."

"பாத்தீங்களா, வேலைக்குச் சேரும்போதே அடக்கச் செலவும் கெடைக்குது. எந்தக் கம்பனி குடுக்கும்?" என்ற பாஹிம், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "என்னையும் சேத்துக்குங்க தலைவரம்மா. ஜனாஸாவ எங்க பள்ளிவாசல் பாத்துக்கும். எனக்குப் புத்தகம் மட்டும் போதும்."

வெளியே வேன் சாரதி ஹார்ன் அடித்தான். நிலக்ஷி கையை அசைத்து எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, நீல வளையம் போட்ட ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யார் கொன்றது என்று தெரியாமல் அவராலும் மலையிறங்க முடியாது.

கடைசிப் பக்கம் வந்தது. துப்பறிவாளர் எல்லோரையும் ஒரு அறையில் கூட்டி வைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, விரலை நீட்டினார். டாக்டர் பெருமூச்சு விட்டார். கொலைகாரன் சமையற்காரன்.

தறப்பாளுக்குக் கீழே 'அடப் பாவி' என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. வேலாயி மட்டும் பெட்டிப் பக்கம் திரும்பிக் குனிந்தார்.

"கேட்டீங்களாங்க?" என்றார். "நான் அப்பவே சொன்னேன், டாக்டரு இல்ல, சமையக்காரன்தான்னு. கேட்டீங்களா நீங்க?"

கணவர் பதில் சொல்வதற்கு இடம் விட்டதுபோல் கொஞ்சம் காத்திருந்தார்.  அதற்குப் பிறகுதான் வேலாயி, அன்றைக்கு முதன்முதலாக, வாய்விட்டு அழுதார்.